குழிக்கு வெளியே நிற்கும் வேலை

1. நாற்காலி

எஸ்தர் வேலையில் சேர்ந்த அன்று காலையிலிருந்து மாலை வரை எங்கள் அலுவலகத்தில் ஒரே பேச்சு, அவளை எங்கே உட்கார வைப்பது என்பதுதான். அவளுக்கு என்ன வேலை தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. பாளையங்கோட்டையில் தொலைபேசித் துறையில் நான் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தேன். கம்பம், கம்பி, தரைக்கு அடியில் ஓடும் கேபிள் எல்லாம் என் பொறுப்பு. எஸ்தர் போன் மெக்கானிக்காக வந்திருந்தாள். உள்ளூர்ப் பெண்தான்; அப்பா மிஷன் பள்ளியில் ஆசிரியர். டிப்ளமோ முடித்து, தேர்வு எழுதி, துறைப் பயிற்சியும் முடித்தவள். போன் மெக்கானிக் என்றால் வெளிவேலை. பழுதான போனைத் தேடி வீடு வீடாகப் போக வேண்டும். அப்படிப்பட்டவளுக்கு நாற்காலி எதற்கு என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் யாராவது ஒருவர், "ஜன்னல் பக்கம் போட்டா நல்லா காத்து வரும் சார்" என்றார்.

எங்கள் உட்கோட்ட அதிகாரியை எஸ்.டி.ஓ. என்போம். கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் எது நடந்தாலும் அதற்கு யார் பொறுப்பு என்பதை முடிவு செய்த பிறகுதான் என்ன நடந்தது என்றே கேட்பார்.

"புகார் எழுதற மேசைல உக்கார வெச்சுருங்க" என்றார். "பொம்பளப் புள்ள. கம்பம் ஏறி விழுந்து வெச்சா யாருங்க பதில் சொல்றது?"

"சார், அவ போன் மெக்கானிக்."

"பேரு அதுதானுங்க. வேலை இது."

நாற்காலி ஜன்னல் பக்கம் போடப்பட்டது. எஸ்தர் அதில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் சரிசெய்யப் போகும் போன்களின் எண்களை எழுதத் தொடங்கினாள். இளைஞர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே மாதம் எங்களுக்கு மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது. அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லி அவளிடமும் கொடுத்தார்கள்.

2. ஆள் இல்லாத வீடுகள்

மேலப்பாளையத்துப் புகார்ச் சீட்டுகள் எனக்குத் தீராத தலைவலி. அங்கே பாதி வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடா நாட்டில் இருப்பார். போன் வாங்கியதே அவர்கள் குரலைக் கேட்கத்தான். அது பழுதானால் எங்கள் மெக்கானிக் போவார். வாசலில் நின்று குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து, "வீட்டுல ஆம்பிளை இல்ல, பொறவு வாங்க" என்று பதில் வரும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் ஆட்கள் சீட்டில் "வீட்டில் ஆள் இல்லை" என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். ஆம்பிளை வந்து சேர இரண்டு வருடம் ஆகும். அதுவரை அந்தச் சீட்டு என் டிராயரில் கிடக்கும்.

எஸ்தர் புகார் மேசைக்கு வந்த பிறகு, அந்த வீடுகளிலிருந்து பேசியவர்களை அவள் எதிர்கொள்ள வேண்டியதாயிற்று. தெருமுனை பூத்திலிருந்து ஒரு பெண் பேசியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். குரல் அறை முழுக்கக் கேட்டது.

"வீட்டுல ஆள் இல்லைன்னு எழுதியிருக்காங்களே அக்கா" என்றாள் எஸ்தர்.

"அப்பம் கதவைத் தொறந்து பேசுனது யாரு? பேயா? நானும் எங்க மாமியாளும் நாலு பிள்ளைகளும் ஆளு இல்லாம ஆடா, மாடா?"

எஸ்தர் போனை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தாள். "சார், அந்தச் சீட்டை எல்லாம் என்கிட்ட தாங்க. நான் போறேன். என்னைய வீட்டுக்குள்ள விடுவாங்கள்லா?"

இத்தனை வருடத்தில் எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று எரிச்சலாக இருந்தது. டிராயரை அப்படியே அவளிடம் ஒப்படைத்தேன். மேலப்பாளையம் பீட்டை, அதாவது அந்தப் பகுதியின் பழுதுவேலைப் பொறுப்பை, அவள் பெயருக்கு மாற்றி ஆணை எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன்.

முதல் வாரமே ஒரு கம்பத்தில் ஏறி, தப்பான கம்பியைக் கழற்றி, ஒரு தெருவையே ஊமையாக்கினாள். அலுவலகத்தில் பண்டிகை கொண்டாடாத குறை. "சொன்னம்லா சார்" என்று சொல்ல ஆறேழு பேர் என் மேசைக்கு வரிசையாக வந்தார்கள். இவர்களில் ஒருவர் முன்பு ஒரு முழு மருத்துவமனையின் இணைப்பைக் கழற்றியவர். அவருக்கு அப்போது யாரும் நாற்காலி போடவில்லை. எஸ்தர் மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய்ச் சரிசெய்தாள். பீட்டை நான் மாற்றவில்லை. சில மாதங்களில் டிராயர் காலியாகிவிட்டது. எஸ்.டி.ஓ. கவனித்தது ஒன்றைத்தான்: "ஜன்னல் பக்கத்து நாற்காலி சும்மா கெடக்குதுங்களே."

3. ஈரம்

அடுத்த தை மாதம், நோன்பு மாதத்தின் கடைசி வாரம். மேலப்பாளையத்தில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியவர்கள் எங்கள் கேபிளில் கடப்பாரையை இறக்கிவிட்டார்கள். இறக்கியவர்கள் சொல்லியிருந்தால் உடனே பார்த்திருப்போம். மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கு மேல் இரண்டு நாள் பருவம் தப்பிய மழை. இருநூறு வீட்டுப் போன்களில் முதலில் கரகரவென்று சத்தம். பிறகு அதுவும் இல்லை.

பழைய கேபிள் அது. வெளியே ஈய உறை, உள்ளே இருநூறு ஜோடிச் செப்புக் கம்பிகள். ஒரு ஜோடி ஒரு வீட்டுக்கு. ஒவ்வொரு கம்பிக்கும் காகிதம்தான் மேலுறை. காகிதத்தில் ஈரம் ஏறினால் கேபிள் செத்தது. நனைந்த பகுதியை வெட்டி எறிந்து, புதுத் துண்டை இடையில் வைத்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஜோடியாகச் சேர்க்க வேண்டும். அதைச் செய்கிறவரை ஸ்பிளைசர் என்போம். எங்கள் பிரிவில் இருந்த ஒரே ஸ்பிளைசர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார். தூத்துக்குடியிலிருந்து ஆள் கேட்டதற்கு, பண்டிகை கழித்து அனுப்புவதாகச் சொன்னார்கள்.

"சார், நான் பண்ணுதேன்" என்றாள் எஸ்தர்.

"பண்ணுவியா, பண்ணிப் பாக்கப் போறியா?"

"டிரெய்னிங்ல அம்பது ஜோடி போட்டிருக்கேன். உயிருள்ள கேபிள்ல போட்டதில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பண்ணுவேன்" என்றாள்.

எஸ்.டி.ஓ.விடம் போனோம். அவர் நாட்காட்டியைத்தான் முதலில் பார்த்தார். "வெள்ளிக்கிழமை லீவு. வியாழன் சாயந்திரம் முடிச்சாப் போதும். ஆனா இந்தப் புள்ள இன்னும் தகுதிகாண் பருவத்துல இருக்குதுங்க. அடுத்த மாசம் நிரந்தரம் பண்றதுக்கு நாந்தான் எழுதோணும். கேபிளைக் கெடுத்துப்போட்டு நின்னா என்னன்னு எழுதறதுங்க?"

அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே அவர் கவலை அது. எஸ்தரின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. ஆனால் அவள் பேசியது வேறு விஷயம்.

"வியாழன் சாயந்திரம் இல்ல சார். புதன் சாயந்திரத்துக்குள்ள முடிக்கணும்."

"லீவு வெள்ளிதானுங்களே."

"நமக்குத்தான் வெள்ளி. சவுதியில, துபாய்ல ஒரு நாளு முந்தி பெருநாள். வியாழன் காலையில தொழுகை முடிச்ச கையோட போன் பண்ணுவாங்க. அங்கன எல்லா வீட்லயும் அதுக்குத்தான் காத்துட்டு இருக்காங்க."

பெருநாளுக்கு முந்தின நாள் மேலப்பாளையத்திலிருந்து புகார் குவிவதை வருடாவருடம் பார்த்திருக்கிறேன். தேதி வாரியாக எழுதியும் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. வீட்டுக்குள் போய் வந்தவளுக்குத்தான் அது தெரிந்திருந்தது.

எஸ்.டி.ஓ. நாட்காட்டியைத் திரும்பப் பார்த்தார், அது தன்னை ஏமாற்றிவிட்டது போல. "சரிங்க. ஆனா பொறுப்பு நீங்க" என்று என்னைக் காட்டினார்.

வெளியே வந்ததும் எஸ்தர் ஒரு நிபந்தனை போட்டாள். "சார், குழிக்குள்ள யாரும் எறங்கக் கூடாது. நீங்களும்தான்."

4. குழியும் கூட்டமும்

திருநெல்வேலிப் பக்கம் சாலையோரத்தில் ஒரு குழியைத் தோண்டிப் பாருங்கள். மண்வெட்டி மூன்று முறை விழுவதற்குள் நான்கு பேர் வந்துவிடுவார்கள். அவர்களில் ஒருவருக்கு எல்லாம் தெரியும். மற்ற மூவருக்கும் அவரை விட நன்றாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை சுடலை குழி தோண்டினான். எங்கள் கூலித் தொழிலாளி அவன். பலசாலி, வாய் கிடையாது. எஸ்தர் குழிக்குள் இறங்கி, அடுப்பில் மெழுகைக் காய்ச்சி, கேபிளை அறுத்தாள். மேலே பேச்சு ஆரம்பித்தது.

"ஏலே, பொம்பளப் பிள்ளையா குழிக்குள்ள எறங்கியிருக்கு?"

"கவர்மென்டுல ஆளு இல்ல போல."

"எம்மா, அந்தக் கம்பியைப் பைய இழு, அந்துரும்!"

"உமக்கு என்னவே தெரியும்? நீரு வீட்டுல பல்பு மாட்டத் தெரியாம ஆளு கூப்பிட்டீருல்லா!"

நான் குழியைச் சுற்றிக் கயிறு கட்டினேன். கயிற்றில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். சாய்ந்து நிற்க அந்தக் கயிற்றை விட வசதியான பொருள் அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

மதியம் எஸ்.டி.ஓ. ஜீப்பில் வந்தார். அறுத்த முனையை மேலிருந்தே பார்த்தார். "நல்லா காஞ்சிருக்குதுங்களே. ஜாயின்ட் ஆரம்பிக்கலாம்." எனக்கும் அது காய்ந்தே தெரிந்தது. எஸ்தர் கம்பியிலிருந்து ஒரு சிறு துண்டுக் காகிதத்தை உரித்து, கொதிக்கும் மெழுகில் போட்டாள். அது பொரிந்து நுரைத்தது.

"ஈரம் உள்ளுக்குப் போயிருக்கு சார். இன்னும் ரெண்டு முழமாவது வெட்டணும்."

"இன்னும் ரெண்டு முழம்னா அந்த வீட்டுப் படிக்கட்டுங்க!"

உண்மைதான். கேபிள் ஒரு வீட்டு வாசற்படிக்கு அடியில் போயிற்று. அந்த வீட்டில் பெருநாளுக்காக முந்தின நாள்தான் வெள்ளையடித்திருந்தார்கள். எஸ்.டி.ஓ. என்னைப் பார்த்தார். கூட்டமும் என்னைப் பார்த்தது. இந்த இடத்தில் பெரும்பாலான மேற்பார்வையாளர்கள் குழிக்குள் குதித்துவிடுவார்கள். நானும் ஒரு காலை முன்னால் வைத்துவிட்டேன். எஸ்தர் நிமிர்ந்து என் காலைப் பார்த்தாள். நான் அதைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

"அவ சொல்லுதது சரி சார். வெட்டட்டும்" என்றேன்.

எஸ்தர் மேலே வந்து அந்த வீட்டுக்குள் போனாள். அந்த வீட்டுக்காரி மைமூன். கணவர் சவுதியில் தம்மாமில் இருந்தார். அவள் வெளியே வந்து தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, படியை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒடைச்சுக்கோ பிள்ள. படியைப் பொறவு கட்டிக்கிடலாம். ஆனா வியாழக்கிழமை எனக்கு மணி அடிக்கணும். அடிக்கலைன்னா உன்னைய இந்தக் குழிக்குள்ளயே வச்சு மூடிருவேன்."

கூட்டம் சிரித்தது. படி உடைந்தது. இரண்டு முழம் தள்ளி உரித்த காகிதம் மெழுகில் அசையாமல் கிடந்தது. நுரை இல்லை. அன்று மாலைக்குள் ஒரு முனையில் இருநூறு ஜோடிகளையும் எஸ்தர் சேர்த்து முடித்தாள்.

5. டீ

புதன்கிழமை மறு முனை. காலையிலிருந்து அவள் நிமிரவில்லை. மதியம் தாண்டியும் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. நோன்பு மாதம், அந்தத் தெருவில் பகலில் டீக்கடை கிடையாது. ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நூற்றுத் தொண்ணூறு ஜோடி முடிந்திருந்தது. இன்னும் பத்துதான். நான் சுடலையைக் கயிற்றுப் பக்கம் நிறுத்தி, யாரையும் உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் டீ வாங்கப் போனேன்.

கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு வண்டி, தன் பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்காட்டுவது போல ஊர்ந்து போயிற்று. டீ வாங்கிக்கொண்டு திரும்பினால் கேட் மறுபடியும் மூடியிருந்தது. இரண்டாவது வண்டி போனதும் வந்து சேர்ந்தேன். குழிக்குள் பேச்சிமுத்து அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

எங்கள் பழைய ஸ்பிளைசர் அவர். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. பெரிய வேலைக்காரர், அதில் சந்தேகமே இல்லை. சேதி கேள்விப்பட்டு டவுனிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். எஸ்தர் முகம் கழுவ மைமூன் வீட்டுக்குள் போன நேரத்தில், குழிக்குள் இறங்கி, கூட்டத்தோடு பேசிக்கொண்டே மிச்சம் இருந்த பத்து ஜோடியையும் சேர்த்துவிட்டார்.

"பிள்ளை பாவம், வாடிப் போச்சு. பத்துதானன்னு நானே போட்டுட்டேன்" என்று கையைத் துடைத்தார்.

"ஏலே சுடலை, உன்னைய எதுக்குலே நிறுத்துனேன்?"

"அண்ணாச்சியை எப்படி சார் தடுக்க?" என்றான் சுடலை. அன்று முழுவதும் அவன் பேசிய ஒரே வாக்கியம் அது.

எஸ்தர் வந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. திறந்திருக்கும் காகிதத்தில் ஒரு துளி பட்டாலும் இரண்டு நாள் உழைப்பும் போச்சு. அவள் தார்ப்பாயை இழுத்து மூடி, கொதிக்கும் மெழுகை ஜாயின்ட் முழுக்க ஊற்றினாள். அதன் பிறகுதான் சோதிக்க முடிந்தது. மைமூன் வீட்டு எண்ணுக்கு மணி அடிக்கும்படி தொலைபேசி நிலையத்துக்குச் சொன்னோம்.

மணி அடித்தது. எதிர்ச்சாரியில், தையல் கடையில்.

தையல்காரர் போனை எடுத்து, "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். மைமூன் தன் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். கூட்டத்தில் ஒருவன், "பரவாயில்லக்கா, உங்க மாப்பிள்ளை பேசுதத டெய்லர் துணி தைச்சுக்கிட்டே கேட்டு வந்து சொல்லிருவாரு" என்றான். அவனை அடிக்க இரண்டு பேர் துரத்தினார்கள்.

6. பத்து கம்பி

எஸ்தர் ஒவ்வொரு எண்ணாகச் சோதித்தாள். நூற்றுத் தொண்ணூறு சரியாக இருந்தது. கடைசிப் பத்தும் தலைகீழ். காரணம் எளிமையானது. அறுத்த கேபிளின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு முனையில் வலமாக எண்ணினால் மறு முனையில் இடமாக எண்ண வேண்டும். அண்ணாச்சி ஆயிரம் முறை சரியாக எண்ணியவர். அன்று கூட்டத்தோடு பேசிக்கொண்டே இரண்டையும் வலமாக எண்ணிவிட்டார். முதல் வீட்டுக்காரர் பத்தாவது வீட்டில் பேசுவார். இரண்டாவது வீட்டுக்காரர் ஒன்பதாவதில்.

"நான் போட்ட ஜாயின்ட்டா தப்பு?" என்றார் அண்ணாச்சி. ஆனால் குரலில் பலம் இல்லை. அவரே விரலை மடக்கி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாக அப்போதுதான் எஸ்.டி.ஓ.வின் ஜீப் வந்தது. நல்ல சேதிக்கு அந்த ஜீப் ஒருநாளும் நேரத்தில் வந்ததில்லை.

"பத்து எண் மாறிப்போச்சுங்களா? யாரு மாத்தினது?"

அண்ணாச்சியின் பெயர் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. எஸ்தர் முந்திக்கொண்டாள். "யாருன்னு பொறவு பாக்கலாம் சார். இன்னைக்கு ஜாயின்ட்டைத் தொறக்கக் கூடாது. தூறுது."

"தொறக்காம எப்படி? தப்ப அப்படியே விடறதுங்களா? இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன்..."

"நிலையத்துல ஜம்பரை மாத்திரலாம் சார்."

நிலையத்துக்குள் ஒரு பெரிய இரும்புச் சட்டம் உண்டு. வெளியிலிருந்து வரும் கேபிள் கம்பிகள் அதன் ஒரு பக்கம், போன் எண்கள் மறு பக்கம். இரண்டையும் இணைக்கும் சிறு கம்பிதான் ஜம்பர். குழியில் தலைகீழாகப் போனதை அங்கே இன்னொரு முறை தலைகீழாக்கினால் நேராகிவிடும். வழி சரிதான். ஆனால் கேபிளில் ஒன்று, பதிவேட்டில் ஒன்று என்றாகிவிடும். இருபது வருடமாக அந்தப் பதிவேட்டை ஒரு அடித்தல் இல்லாமல் வைத்திருந்தவன் நான். நானாக இருந்தால் குடையைப் பிடித்துக்கொண்டு ஜாயின்ட்டைத் திறந்திருப்பேன். ஈரம் ஏறியிருக்கும். இருநூறு வீடும் போயிருக்கும். ஆனால் பதிவேடு சுத்தமாக இருந்திருக்கும்.

தன் வழியில் செய்ய ஒருவரை அனுமதிப்பது பெரிய காரியம் இல்லை. நமக்குப் பிடிக்காத வழியில் செய்ய அனுமதிப்பதுதான் பல்லைக் கடிக்க வைக்கிறது.

"ஜம்பரை மாத்துவோம் சார். கையெழுத்து நான் போடுதேன்" என்றேன்.

"நல்லா யோசிச்சுக்குங்க."

"யோசிச்சா விடிஞ்சிரும் சார்."

நிலையத்தில் இருந்த பணியாளர், தன் கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார். ஆகவே நானே போக வேண்டும். ரயில்வே கேட் மூடியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒருமுறை மட்டும் ஸ்கூட்டரைச் சாய்த்துக் கேட்டுக்கு அடியில் நுழைத்துக்கொண்டு போனேன். சட்டத்தின் முன் நின்று, போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டேன். குழியோரக் கம்பத்துக் கம்பியில் சோதனைப் போனை மாட்டிக்கொண்டு எஸ்தர் பேசினாள்.

"முதல் ஜம்பரைப் பத்துக்கு மாத்துங்க சார். பத்தை ஒண்ணுக்கு."

"இரும்மா, எழுதிக்கிடுதேன்."

"எழுதாதீங்க சார், மாத்துங்க. எழுதுததுக்கு நாளைக்கு நாளு கெடக்கு."

"ஒருதடவை சரிபார்த்துட்டு..."

"நான் இங்கன பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அடுத்தது ரெண்டு, ஒம்பது."

இருபத்து மூன்று வயதுப் பெண் அதட்ட, நான் கம்பி மாற்றினேன். கடைசி ஜோடி முடிந்ததும் மைமூன் வீட்டு எண்ணுக்கு மணி அடித்தேன். மறுமுனையில் எடுத்தது பெண் குரல். பின்னால் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது.

"அலோ, யாரு?"

"டெலிபோன்ல இருந்து பேசுதோம். நீங்க மைமூன்தான?"

"ஆமா, நாந்தான். டெய்லர் இல்ல" என்றாள். பிறகு வேறு பக்கம் திரும்பி, "ஏ பிள்ள, இந்தா கஞ்சி. குடிச்சுட்டு மிச்சத்தைப் பாரு" என்று அவள் சத்தம் போட்டது என் காதில் விழுந்தது.

7. வியாழக்கிழமை

மறுநாள் காலை ஜாயின்ட்டின் மேல் ஈய உறையைப் போட்டு மூடும் வேலை மிச்சம் இருந்தது. போகும் வழியில் பேச்சிமுத்து அண்ணாச்சியை வீட்டில் போய்ப் பார்த்தேன். மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். "அண்ணாச்சி, அந்தக் கூட்டத்தை என்னால சமாளிக்க முடியல. நீங்க வந்து நின்னாத்தான் அடங்குவானுவ" என்றேன். முழுக்க உண்மை அது. வந்தார். கயிற்றுக்கு முன், குழிக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நின்றார். முதல் ஆள் வாயைத் திறந்ததும், "சோலி இருந்தா பாருலே, போ" என்றார். சுடலை தடுக்க முடியாத ஆளை யாராலும் தாண்ட முடியவில்லை. எஸ்தர் நிம்மதியாக வேலை பார்த்தாள்.

பத்து மணி வாக்கில் ஒரு வீட்டில் மணி அடித்தது. பிறகு பக்கத்து வீட்டில். பிறகு எதிர்ச்சாரியில். கொஞ்ச நேரத்தில் தெருவில் எந்த வீட்டில் அடிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மைமூன் உடைந்த படியைத் தாண்டி வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது, குரலில் மட்டும் கோபம்.

"அவுக அங்கன தொழுதுட்டு வந்து பிரியாணி சாப்பிட்டாச்சாம். எனக்கு இங்கன இன்னும் நோன்பு. என்னென்ன போட்டுச் சமைச்சாங்கன்னு ஒண்ணு விடாமச் சொல்லுதாக!"

எஸ்தர் குழிக்குள்ளிருந்து சிரித்தாள். மூன்று நாளில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்த மாதம் அவளை நிரந்தரம் செய்யும் அறிக்கையை எஸ்.டி.ஓ. எழுதினார். "உரிய மேற்பார்வையின் கீழ் திருப்திகரமாகப் பணியாற்றுகிறார்" என்று இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"சார், இந்த 'உரிய மேற்பார்வையின் கீழ்'ங்கிறத அடிச்சிருங்க."

"உங்களைப் பெருமையாத்தானுங்க எழுதியிருக்கேன்!"

"நான் டீ வாங்கப் போனேன் சார்."

"அதை எப்படிங்க ஃபைல்ல எழுதறது?"

அவர் அடிக்கவில்லை. அவள் நிரந்தரமானாள். வறண்ட ஒரு நாளில் அவளே ஜாயின்ட்டைத் திறந்து பத்து ஜோடியையும் நேராக்கினாள். பதிவேட்டில் என் சிவப்பு மை அடித்தல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

புதிதாக மேற்பார்வைக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வேலையைக் கொடுத்தால் முழுதாகக் கொடுங்கள்; கடைசிப் பத்தைப் பிடுங்காதீர்கள், பிறரைப் பிடுங்கவும் விடாதீர்கள். தப்பு வந்தால் அவர்கள் பக்கம் நில்லுங்கள். மற்ற நேரம் குழிக்கு வெளியே நில்லுங்கள். அது சும்மா நிற்கிற வேலை இல்லை. நான் பார்த்த வேலைகளிலேயே ஆயாசமானது அதுதான்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் இன்னொரு குழி. இந்த முறை உள்ளே இறங்கியவன் மாரியப்பன் என்ற புதுப் பையன். எஸ்தர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் போய்க் குனிந்து பார்த்தேன். அவன் கம்பியைப் பிடித்திருந்த பிடி சரியில்லை.

"சார், வெளிச்சத்தை மறைக்கீங்க. தள்ளி நில்லுங்க" என்றாள் எஸ்தர்.

"அவன் பிடிச்சிருக்கது..."

"தெரியும் சார்."

நான் தள்ளி நின்றேன். அவள் பின்னால் கட்டிய கைகளில் ஒன்று மற்றொன்றை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மாரியப்பன் நிறுத்தி, கம்பியைக் கீழே விட்டு, விரலை உதறிவிட்டுச் சரியாகப் பிடித்தான்.